இருமலுக்குத் தேன் சரி, சேனைக்கு வேண்டாம்

தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் இருமல் சத்தம்தான். கூடவே தேன் பற்றிய கேள்விகளும் வந்துவிடும். தோட்ட ஆஸ்பத்திரி மருந்தறையில் நெடுங்காலம் இருந்தவன் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால் மூன்று தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். அதனால் தேன் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

நான்கு வயது மகள் இரவெல்லாம் இருமுகிறாள். தேன் கொடுக்கலாமா? எவ்வளவு? (பொகவந்தலாவை)

தாராளமாகக் கொடுக்கலாம். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் அரைத் தேக்கரண்டி போதும். ஆறிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இரண்டு. சும்மா நக்கக் கொடுக்கலாம், வெதுவெதுப்பான கொத்தமல்லித் தண்ணியிலும் கலக்கலாம். பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், பல்லுக்கு அது ஆகாது.

தேன் தொண்டையில் படிந்து அரிப்பை அடக்கும். உள்ளே போய்ச் சளியைக் கரைத்துவிடும் என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது. ஆனாலும் தடிமன் இருமலுக்குத் தொண்டையை இதமாக்கத் தேன் ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனமே 2001இல் சொல்லியிருக்கிறது. மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கும் இருமல் பாணி சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தேனை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற நம் லயங்களில் காசநோய் ஒருவரோடு நிற்காது. மாதக்கணக்கில் தேனும் இஞ்சியும் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெலிந்துபோய் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுப்புப் புகையால் வரும் இருமலும் இருக்கிறது. அதற்குப் புகை வெளியே போக வழி செய்ய வேண்டும், தேனால் ஆகாது.

பேரன் பிறந்து ஒன்பது நாள். நாக்கில் தேன் தொட்டு சேனை வைக்கக் கூடாது என்று மருமகள் தடுக்கிறாள். எங்கள் காலத்தில் எல்லோருக்கும் வைத்தோமே? (நானுஓயா)

அப்பாயி, கோபிக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் மருமகள் பக்கம்.

தேனில் சில வேளை பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துக்கள் இருக்கும். நமக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது, வயிறு பார்த்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கலாம். முதலில் மலச்சிக்கல் வரும். அப்புறம் பால் உறிஞ்சும் பலம் குறையும், அழுகைச் சத்தம் மெலியும், கழுத்து துவளும். கடைசியில் மூச்சே நிற்கலாம். எப்போதாவதுதான் நடக்கும், அதனால்தான் உங்கள் காலத்துப் பிள்ளைகள் தப்பித்தார்கள். எந்தப் போத்தலில் வித்து இருக்கிறது என்று பார்த்தும் ருசித்தும் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சிக் கொடுக்கிறேன் என்பீர்கள். தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு அந்த வித்து சாகாது.

சேனை வைக்கத்தான் வேண்டும் என்றால் தாய்ப்பாலையே ஒரு சொட்டு தொட்டு வையுங்கள். தேனைப் பேரனின் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு கொடுங்கள்.

வீதியோரத்தில் சாராயப் போத்தலில் விற்ற தேனை வாங்கினேன். ஒரு மாதத்தில் அடியில் சீனி போல உறைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (நுவரெலியா)

உறைந்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நல்ல தேனும் உறையும். தேனிலுள்ள குளுக்கோஸ் 14 பாகை செல்சியஸ் அளவில்தான் சீக்கிரமாகப் படிகமாகும். காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கட்டியாக நிற்கிற உங்கள் ஊரில் தேன் உறையாவிட்டால்தான் ஆச்சரியம். போத்தலை வெதுவெதுப்பான தண்ணியில் வைத்தால் இளகும். அடுப்பில் ஏற்றாதீர்கள்.

தண்ணியில் விட்டால் கரையாமல் அடியில் போக வேண்டும், திரியில் தோய்த்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது. இந்தச் சோதனைகள் எதையும் நம்ப வேண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாகும் அடியில்தான் போகும். நம் நாட்டுப் பெட்டித் தேனீயின் தேன் இயல்பாகவே கொஞ்சம் தண்ணியாக இருப்பதால், சுத்தமான தேனே இந்தப் பரீட்சையில் தோற்றுவிடும். எறும்புக்கோ இனிப்பு எதுவானாலும் சரி. என் பெட்டிகளில் பாதி வேலையே எறும்பை விரட்டுவதுதான்.

இன்னொரு குழப்பம், கித்துள் பாணி. அது மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, தயிருக்கு அருமை. கறுப்பாக இருக்கிறதென்று அதை 'மலைத்தேன்' என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. லேசான புகை வாடையும் வெல்ல ருசியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டி வைத்திருக்கிற ஒருவரைத் தெரிந்துகொண்டு அவரிடம் வாங்குவதே நல்லது. பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் யூகலிப்டஸ் பூக்கும் காலத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். சீனிக்குப் பதில் பிளேன்டீயில் தேன் போடலாமா? (ஹாலிஎல)

வேண்டாம். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் மாச்சத்து இருக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். 'இயற்கை' என்பது குளுக்கோமீட்டருக்குத் தெரியாது.

சுடுதண்ணியில் தேன் கலந்தால் விஷமாகிவிடுமா? (தலவாக்கலை)

தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தில் உள்ள விதி. சூட்டில் தேனின் நொதிகள் அழியும், மணமும் போகும், அது உண்மை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் விட்ட தேன் யாரையும் கொல்லாது. வாய் பொறுக்கும் சூடு வந்த பிறகு கலந்தால் சரி.

கொழுந்து பறிக்கும்போது அட்டை கடித்த இடத்திலும், அடுப்பில் கை சுட்ட இடத்திலும் தேன் தடவலாமா? (மஸ்கெலியா)

ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குத் தேன் வைத்துக் கட்டுவது உண்டு. அது கிருமிநீக்கம் செய்து அதற்கென்றே தயாரித்த தேன். உங்கள் சமையலறைப் போத்தலில் மெழுகும் மகரந்தமும் சில வேளை தேனீயின் காலும் கிடக்கும். அட்டைக்கடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒன்றைச் செலுத்திவிடுவதால், நிற்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். சுட்ட கையை ஓடுகிற தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். தேன், பற்பசை எதுவும் வேண்டாம்.

இதே கடிதத்தில் குளவிக் கொட்டுக்கும் தேன் கேட்டிருக்கிறீர்கள். தேயிலை மலையில் நாம் குளவி என்று சொல்வது பல நேரம் பெரிய மலைத்தேனீதான். கொடுக்கு தோலில் நின்றால் உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். நிறையக் கொட்டுப்பட்டிருந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ 1990க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ் இலவசம். தேன் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

காட்டுத் தேன் போத்தல் நுரைத்து மூடியைத் தள்ளுகிறது. சக்தி கூடிவிட்டது என்கிறார் கணவர். (வெலிமடை)

புளிக்கத் தொடங்கிவிட்டது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் தேன் அப்படித்தான். மருந்துக்கு வைக்காதீர்கள். கணவரிடமிருந்தும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.