9 வருடம் உழைத்த டர்னருக்கு எவ்வளவு கிராஜுவிட்டி?

கேள்வி: கோவையில் லேத் பட்டறை நடத்துகிறேன். 24 பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவருக்குச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் பேசிக் 6,000, வீட்டு வாடகைப்படி 4,000, பயணப்படி 2,000, சிறப்புப்படி 6,000 என்று பிரித்துக் கொடுக்கிறோம். புதிய சட்டப்படி பேசிக் பாதியாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். 9,000 ஆக்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அப்படி மாற்றினால் சம்பள ஸ்லிப்தான் மாறும், உங்கள் பொறுப்பு ஒரு ரூபாய்கூட மாறாது.

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. 'பேசிக் பாதி' என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. ஆனால் சட்டம் பேசிக்கைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. ஊதியத்தில் எதையெல்லாம் சேர்க்க வேண்டாம் என்று ஒரு பட்டியல் போடுகிறது: வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், கமிஷன், முதலாளி கட்டும் பி.எஃப். போன்றவை. இவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில் ஏறும். சிறப்புப்படி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆக, நீங்கள் கைவைக்காவிட்டாலும், பேசிக்கும் சிறப்புப்படியும் சேர்ந்து அவருடைய ஊதியம் 12,000.

இது எங்கே வலிக்கும் என்றால் கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடையில். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். 9 வருடமாக இருக்கும் டர்னருக்கு (லேத் ஓட்டுபவருக்கு) 6,000 வைத்துப் போட்டால் 31,154 ரூபாய். 12,000 வைத்தால் 62,308. பழைய வருடங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த இரட்டிப்பு.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரேமாதிரி தரும் சிறப்புப்படியைச் சேர்த்துத்தான் பி.எஃப். பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. இன்னும் 6,000-க்கு மட்டும் 720 ரூபாய் கட்டி வருகிறீர்கள் என்றால், 1,440 கட்ட வேண்டியிருந்தது. தொழிலாளியின் கையிலும் 720 குறையும். முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசுங்கள்; ஸ்லிப்பைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கிராஜுவிட்டிக்கு மாதம் தலைக்குச் சுமார் 577 ரூபாய் ஒதுக்க வேண்டும். 24 பேரும் இதே சம்பளம் என்றால் 13,848. இந்தப் பணத்தைப் பட்டறை நடப்புக் கணக்கில் வைக்காதீர்கள், இரும்பு வாங்கப் போய்விடும். எல்.ஐ.சி.யின் குழு கிராஜுவிட்டி போல, அங்கீகாரம் பெற்ற நிதியில் கட்டுங்கள். ஏட்டில் மட்டும் ஒதுக்கினால் வரிக் கழிவு கிடையாது. இப்படிக் கட்டினால் உண்டு. பழைய வருடங்களின் பாக்கியையும் கணக்குப் போட்டு, சீனியர்களுக்கான தொகையை முதலில் நிரப்புங்கள்.

ஒப்பந்தக் காலம் குறிப்பிட்டு நீங்களே நேரடியாக எடுத்த ஆட்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு, ஐந்து வருடம் வேண்டியதில்லை. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். ஹெல்பருக்கும்தான்.

இன்னொன்று. ஒருவர் திங்கட்கிழமை விலகினால் புதன்கிழமைக்குள், அதாவது இரண்டு வேலை நாட்களில், சம்பள பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். 'அடுத்த மாதச் சம்பளத்தோடு வாங்கிக்கோப்பா' என்பது இனி செல்லாது. கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம் உண்டு.