கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஒருவரைப் புள்ளிவிவரங்களை வைத்து எப்படி மதிப்பிடுவது? சராசரிப் புள்ளிகள் மட்டும் போதுமா?

போதாது. சராசரிப் புள்ளியை முதலில் பார்ப்பதில் தவறில்லை, அதோடு நின்றுவிடக் கூடாது. நான் இதை ஒரு ஸ்கோர் ஷீட்டிலிருந்து கற்றுக்கொண்டேன்.

கல்லூரி நாட்களில் பல ஆட்டங்களுக்கு மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியிருக்கிறேன். இரண்டு புள்ளிக் கூடை விழுந்தால் எண்ணின்மேல் ஒரு சாய்ந்த கோடு. ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பவர் இல்லாமல் எறியும் ஒரு புள்ளி ஷாட், விழுந்தால் ஒரு கரும்புள்ளி. மூன்று புள்ளி என்றால் வீரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுலுக்குத் தனிக் கட்டம் உண்டு. தவறிய ஷாட்டுக்கு மட்டும் அந்தத் தாளில் இடமே கிடையாது. எங்கள் அணியின் சிறந்த வீரர் நிறையப் புள்ளி எடுத்தும் நாங்கள் தோற்ற ஒரு நாளில்தான் அது எனக்கு உறைத்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து மடியில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு, தவறியவற்றுக்கெல்லாம் பெருக்கல் குறி போட ஆரம்பித்தேன். முதல் பாதி முடிவதற்குள் அவர் பெயருக்கு நேரே வரி நிறைந்துவிட்டது. எத்தனை புள்ளி என்பதோடு, அதற்கு எத்தனை வாய்ப்பு செலவானது என்றும் கேட்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இதை விளக்க 2017-18 பருவத்தின் ட்ரே யங்கைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். 32 ஆட்டங்களில் 876 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்கு 27.4. அசிஸ்ட், அதாவது சக வீரரின் கூடைக்கு வழிவகுத்த பாஸ், ஆட்டத்துக்கு 8.7. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஒரே பருவத்தில் இரண்டு சராசரியிலும் முதலிடம் பிடித்தவர் அதற்குமுன் யாருமில்லை. இவ்வளவோடு நிறுத்தினால் குறையே சொல்ல முடியாத வீரர். ஆனால் அவருடைய அணி 14 வெற்றி, 2 தோல்வி என்று தொடங்கி 18 வெற்றி, 14 தோல்வி என்று முடித்தது. அந்த ஜனவரியில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஜனவரி 16, கேன்சஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 20 புள்ளிகள், ஆனால் 12 முறை பந்தைப் பறிகொடுத்தார். அணி 87-69 என்று தோற்றது. ஜனவரி 20, ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிராக 48 புள்ளிகள். செய்திகளில் தலைப்பாக வரக்கூடிய எண். அதற்கு 39 ஷாட் எடுத்தார், 14 விழுந்தன. கூடுதல் நேரத்தில் 83-81 என்று தோல்வி. ஜனவரி 23, நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றான கேன்சஸுக்கு எதிராக 26 புள்ளிகள். எடுத்த ஷாட் ஒன்பதே ஒன்பது, ஏழு விழுந்தன. பத்து ஃப்ரீ த்ரோவும் பிழையில்லை. கூடவே ஒன்பது அசிஸ்ட். அணி 85-80 என்று வென்றது.

புள்ளிகளை மட்டும் அடுக்கினால் 48 முதலிடம், 26 இரண்டாமிடம். செலவான வாய்ப்புகளைக் கணக்கில் எடுத்தால் வரிசை தலைகீழாகிறது. இதற்குப் பயன்படும் கணக்கு எளிது. எடுத்த ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்கி, வரும் எண்ணால் மொத்தப் புள்ளிகளை வகுங்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு வாய்ப்புக்குச் சமம் என்றால் 0.5 வரவேண்டும். ஆனால் கூடையும் விழுந்து கூடவே ஒற்றை ஃப்ரீ த்ரோவும் கிடைப்பது உண்டு, ஆகவே கொஞ்சம் குறைகிறது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் ஆட்டங்களுக்கு 0.44 என்று வைப்பார்கள். இந்தக் கணக்கில் கேன்சஸுக்கு எதிரான ஆட்டம் 94 சதவீதத்தைத் தாண்டுகிறது. 48 புள்ளி ஆட்டம் சுமார் 53. பருவம் முழுவதற்கும் 58.5. அவ்வளவு பாரம் சுமந்த ஒருவருக்கு 58.5 மிக நல்ல எண் என்றே நான் சொல்வேன்.

பாரம் என்று சொன்னேன். அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒரு வீரர் களத்தில் நிற்கும் நேரத்தில், அணியின் வாய்ப்புகளில் எத்தனை அவருடைய ஷாட்டிலோ ஃப்ரீ த்ரோவிலோ டர்ன்ஓவரிலோ (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) முடிகின்றன என்பது. ஐந்து பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20 சதவீதம். யங்குக்கு அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியது. எதிரணிகள் பாதிக் களத்திலேயே இரண்டு பேரை அவர்மேல் ஏவின. ஆட்டத்துக்கு 5.2 டர்ன்ஓவர் என்பது பெரிய குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு பாரத்தைச் சுமந்தபோது வந்த 5.2 அது. பத்தே முறை பந்தைத் தொடும் ஒருவரின் இரண்டு டர்ன்ஓவரோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை.

அசிஸ்ட் விஷயத்தில் எனக்கு எப்போதும் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. 2017 டிசம்பர் 19 அன்று நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட்டுக்கு எதிராக யங் 22 அசிஸ்ட் கொடுத்து, ஒரே ஆட்டத்துக்கான கல்லூரிச் சாதனையைச் சமன் செய்தார். அன்று அணி 105-68 என்று வென்றது. எதிரணியின் வலிமையைப் பார்க்காமல் இந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. அதோடு, பாஸ் வாங்கியவர் கூடையில் போட்டால்தான் அது அசிஸ்ட். அருமையான பாஸ் கொடுத்தும் நண்பர் தவறவிட்டால் கணக்கில் ஒன்றும் ஏறாது. எது அசிஸ்ட் என்பதை முடிவு செய்வதே மேசையில் இருப்பவர்தான். வாங்கியவர் இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டுப் போட்டால் எழுதுவதா வேண்டாமா என்று நானே தடுமாறியிருக்கிறேன்.

அடுத்தது, எண்ணிக்கை போதுமா என்ற கேள்வி. கல்லூரிப் பருவம் சிறியது, முப்பத்துச் சொச்சம் ஆட்டங்கள்தான். யங் மூன்று புள்ளிக்கு 328 முறை எறிந்தார், 118 விழுந்தன, 36 சதவீதம். வளையத்தில் பட்டு வெளியே தெறித்தவற்றில் பத்து மட்டும் உள்ளே விழுந்திருந்தால் 39 சதவீதம் ஆகியிருக்கும், நாமும் அவரை வேறு தரத்தில் வைத்திருப்போம். ஒரு பருவத்து மூன்று புள்ளி சதவீதத்தை மட்டும் நம்பி ஒருவரின் எறியும் திறனை முடிவு செய்யாதீர்கள். ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே தடுப்பவர் இல்லை, தூரம் மாறாது, கையின் தரம் மட்டுமே தெரியும். யங் 274-இல் 236 போட்டார், 86 சதவீதம். 2018-இல் என்பிஏவுக்குப் போன பிறகு முதல் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 32.4 சதவீதமாக இறங்கியது. 2021-22 பருவத்தில் 38-ஐத் தாண்டியது. அதே பருவத்தில் மொத்தப் புள்ளி, மொத்த அசிஸ்ட் இரண்டிலும் லீகில் முதலாவதாக வந்தார்.

நான் மேலே அடுக்கிய கேன்சஸ் வெற்றியையும் முழுக்க யங்கின் கணக்கில் எழுதிவிட முடியாது. அன்று ஓக்லஹோமா, எதிரணியின் உயரமான வீரர் உடோகா அசுபுகேயை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. அவர் ஃப்ரீ த்ரோக்களைத் தொடர்ந்து தவறவிட்டார். வெற்றி தோல்வியை ஒருவரின் தலையில் கட்டுவதற்குமுன் மற்றவர்களின் வரிகளையும் படிக்க வேண்டும்.

தடுப்பாட்டத்துக்குப் புள்ளிவிவரத் தாள் அநேகமாக உதவாது. யங்குக்கு ஆட்டத்துக்கு 1.7 ஸ்டீல். அதைப் பார்த்துத் தடுப்பில் கெட்டிக்காரர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். என்பிஏவில் அவரிடம் காணப்பட்ட பெரிய பலவீனமே தடுப்புதான். பாஸை எதிர்பார்த்துப் பாய்ந்து பிடித்தால் ஸ்டீல் என்று பதிவாகும். பாய்ந்து தவறி, தன் ஆளைத் திறந்தவெளியில் விட்டால் எங்கும் பதிவாகாது. நீங்கள் மதிப்பிட விரும்பும் வீரரின் ஆட்டப் பதிவு கையில் இருந்தால், பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, ஒரு பாதி முழுவதும் அவருடைய கால்களை மட்டும் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். அவருடைய ஆள் அவரைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.