கணு தடித்தால் எல்லாம் முடக்குவாதம் ஆகிவிடாது

கேள்வி: எனக்கு 53 வயது. முக்கூடலில் சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறேன். வலது கட்டைவிரலின் அடியில் வலி. மற்ற விரல்களில் நகத்தை ஒட்டிய கணுக்கள் முண்டு முண்டாகத் தடித்துவிட்டன. காலையில் கால் மணி நேரம் விரலை மடக்க முடியவில்லை. மெடிக்கலில் தரும் செட் மாத்திரை போட்டால்தான் வேலை ஓடுகிறது. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இது முடக்குவாதமா? புளி, கிழங்கு எல்லாம் வாய்வு என்கிறார்களே?

பதில்: அந்தக் ‘கால் மணி நேரம்’தான் நீங்கள் தந்திருக்கும் நல்ல துப்பு. முடக்குவாதம் என்றால் காலை விறைப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இரண்டு மணிக்கட்டும், விரல் தொடங்கும் மொளிகளும் மெத்தென்று வீங்கும். நகத்தை ஒட்டிய கணுவை அது அதிகம் தொடாது. உங்களுடையது மூட்டுத் தேய்மானமாகத் தெரிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது சகஜம், அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். அந்த முண்டு எலும்பு வளர்ச்சி, எந்தத் தைலத்துக்கும் கரையாது. ஆனால் அதன் வலி நாளாக நாளாகக் குறைவதே வழக்கம்.

முதலில் செட் மாத்திரைக்கு வருவோம். அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரையும், சில சமயம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும்; வயிற்றில் புண் ஆக்கும்; சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், ஸ்டீராய்டு நின்றதும் மயக்கமும் வாந்தியும் வரலாம். மாத்திரைகளை அப்படியே மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்படி குறையுங்கள்.

அதற்குப் பதில் டைக்ளோஃபெனாக் ஜெல். திருநீறு பூசுவது போலத் தொட்டு வைத்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்களே அதிகம். ஒரு கைக்கு ஒரு தடவைக்கு 2 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். அப்படி நான்கு கோடு. ஒரு நாளைக்கு 4 முறை, 2 வாரமாவது. புகையிலைத் தூள் போகச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தேய்த்து, ஒரு மணி நேரம் கையை நனைக்காதீர்கள். இலையைக் கையில் எடுத்த பிறகு பூசிப் பயனில்லை, மருந்து இலைக்குத்தான் போகும். சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இருந்தால் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும்.

கட்டைவிரல் நுனியில் 1 கிலோ விசையோடு கிள்ளிப் பிடித்தால், அதன் அடி மூட்டில் சுமார் 12 கிலோ இறங்கும். உங்கள் தொழிலே கிள்ளிப் பிடிப்பதுதான்: கத்தரி, சுருட்டு, முனை மடக்கு, நூல் இறுக்கு. கத்தரியைச் சாணை பிடித்து வையுங்கள். கைப்பிடி வளையத்தில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். இலை சரியாக நனையாமல் மொரமொரவென்று இருந்தால் விரல்தான் அதற்கு வட்டி கட்டும். அரை மணிக்கு ஒருமுறை சுளகை இறக்கிவைத்துக் கையை விரியுங்கள். கட்டைவிரலின் அடியை மட்டும் பிடித்துக்கொண்டு நுனியை விட்டுவைக்கும் பட்டை கிடைக்கும். வேலை நேரத்தில் 3 மாதமாவது போட்டால்தான் பலன் தெரியும். வீட்டில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிவதை வேறு கைக்கு விடுங்கள். ஈரத்துணியைக் குழாயில் மாட்டி முறுக்குங்கள்.

காலையில் முழங்கை தாங்கும் சூட்டில் வெந்நீர், 10 நிமிடம். தண்ணீருக்குள்ளேயே விரலை நீட்டி, பிறகு கொக்கி போல மடக்கி, பிறகு முழு முஷ்டி; கடைசியாகக் கட்டைவிரலால் ஒவ்வொரு நுனியையும் தொடுங்கள். ஒவ்வொன்றும் 5 முறை. பயிற்சிக்குப் பின் வலி 2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மறுநாள் பாதியாக்குங்கள். ரப்பர் பந்தை இறுக்கிப் பிசைவது உங்களுக்கு வேண்டாம். கை ஆறிய பிறகே ஜெல்.

புளிக்கும் கிழங்குக்கும் இதில் பங்கில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, மொளிகள் வீங்கினாலோ, நகத்தில் குழி விழுந்து தோல் செதிலாக உதிர்ந்தாலோ, இரவில் முதல் மூன்று விரல் மரத்துப்போனாலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் ‘ஆர்ஏ ஃபேக்டர்’ மட்டும் பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம். நோயில்லாத வயதானவர்களிடமும் அது வரும்; ‘ஆன்டி சிசிபி’ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கணு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும்.