பாட்டி பக்கத்தில் ஒரு மணை

கேள்வி: எனக்கு 9 வயதில் மகள், 5 வயதில் மகன். பண்டிகைப் பலகாரத்தை வருடா வருடம் குழந்தைகளோடு சேர்ந்து செய்ய ஆசை. “சாமிக்குப் படைக்கிறதை எச்சில் பண்ணிடுவாங்க, கையையும் சுட்டுக்குவாங்க” என்கிறார் மாமியார். விநாயகர் சதுர்த்தியில் ஆரம்பிக்கலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக. கொழுக்கட்டை ஆவியில் வேகிற பலகாரம், எண்ணெய்ச் சட்டி கிடையாது. நீங்கள் தீபாவளி முறுக்கென்று கேட்டிருந்தால் நான் மாமியார் கட்சிதான். கோகுலாஷ்டமிச் சீடையும் வேண்டாம். இறுக்கி உருட்டினால் எண்ணெயில் வெடிக்கும். குழந்தைகள் இறுக்கித்தான் உருட்டுவார்கள்.

வெல்லப்பாகு விஷயத்தில் மாமியார் பயப்படுவது நியாயம். மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் பூரணம் கிளறுவதையும் கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிண்டுவதையும் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் முடித்துவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வையுங்கள். மாவு காய்ந்தால் சொப்பு, அதாவது பூரணம் வைக்கும் மாவுக் கிண்ணம், விரிசல் விடும், மகள் அழுவாள்.

மகளுக்கு அச்சு வேண்டாம். பாட்டி பக்கத்தில் ஒரு மணை போட்டு உட்கார வையுங்கள். உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றி ஓரத்தை மெலிதாக்கும் வித்தையை அவரே சொல்லித்தரட்டும். மாமியார் வாத்தியாராகிவிட்டால் பாதி வழக்கு தள்ளுபடி! மகனுக்கு மிச்ச மாவைக் கொடுங்கள். கோலிக்குண்டு அளவில் அவன் உருட்டியதையெல்லாம் வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்தால் மணிக்கொழுக்கட்டை. பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடுவான். ஓடட்டும், இழுத்து வந்து உட்கார வைக்காதீர்கள்.

சரி, எச்சில் பிரச்சினை. தேங்காய் துருவும்போதே கொஞ்சம் எடுத்து, பொடித்த வெல்லம் கலந்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுங்கள். அதைத் தின்று முடித்து, கை கழுவிவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும். வயிறு கொஞ்சம் நிறைந்திருந்தால் பூரணத்தில் கை போகாது. போனாலும் பிள்ளையார் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை, இதை மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

படைக்கும்போது அவர்கள் பிடித்த கோணல் கொழுக்கட்டைகளையும் தட்டில் வையுங்கள். நைசாக ஒதுக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்; எது தன்னுடையது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

தீபாவளிக்கு ரவா லட்டு பிடிக்கக் கூப்பிடுங்கள். இளஞ்சூட்டில்தான் உருண்டை வரும், ஆகவே முதலில் உங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.