பருவம் மாறினால் ஓட்டம் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: எனக்கு வயது 43. ஒவ்வோர் ஆண்டும் இதமான பருவத்தில் காலை ஓட்டத்தைத் தொடங்குகிறேன். வாரம் ஐந்து நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று சில மாதங்கள் நன்றாகவே போகிறது. பிறகு கடும் வெயிலோ, அடைமழையோ, குளிரோ வந்தால் நின்றுவிடுகிறது. மறுபடி ஷூவைக் கையில் எடுக்க அரை வருடம் ஆகிவிடுகிறது. மன உறுதி இல்லாததுதான் காரணமா? நிறுத்திய மாதங்களில் சேர்த்ததெல்லாம் போய்விடுமா? டிரெட்மில் வாங்கினால் தீருமா? என்னுடன் நடக்க வரும் 71 வயது அப்பாவும் இப்படித்தான் விட்டு விட்டுத் தொடங்குகிறார். அவருக்கு எது பாதுகாப்பு?

பதில்: மன உறுதியை முதலில் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவோம். பருவத்துக்கும் உடலியக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த 37 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2007-இல் வெளிவந்தது. அவற்றில் 27 ஆய்வுகள், பருவம் மாறினால் மக்களின் இயக்கமும் குறிப்பிடத்தக்க அளவு மாறுகிறது என்றே கண்டிருந்தன. ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஓடுபவர்தான் விதிவிலக்கு, நீங்கள் அல்ல.

வானிலையை மட்டும் பழிப்பதும் சரியல்ல. வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 23,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் இயக்கத்தைக் கருவி கட்டி அளந்த ஆய்வு 2014-இல் வந்தது. மாலை வெளிச்சம் நீடித்த நாட்களில் அவர்கள் சற்றுக் கூடுதலாக ஓடியாடினார்கள். மழை, காற்று, வெப்பம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. நாளுக்குச் சில நிமிடங்கள்தான் என்றாலும் திசை தெளிவானது. குளிரால் நிறுத்திவிட்டதாக நினைக்கும் பலரை உண்மையில் நிறுத்தியது இருட்டு. காலை ஐந்தரைக்கு ஓடிக்கொண்டிருந்தவருக்குச் சூரியன் ஆறரைக்கு உதிக்கத் தொடங்கினால், போர்வைக்குள் இருந்தபடியே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. உங்கள் ஓட்டம் நின்ற வாரத்தில் சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது என்று பாருங்கள். விடை அங்கேயே இருந்தால், நேரத்தை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

மழையை எடுத்துக்கொள்வோம். அடைமழைக் காலத்திலும் நாள் முழுக்க ஓயாமல் கொட்டும் நாட்கள் குறைவுதான். கொட்டுகிற அன்று ஓடாமல் இருந்தது நியாயமே. ஓட்டம் உண்மையில் நிற்பது அடுத்த நாள்: மழை விட்டிருக்கிறது, சாலை ஈரம், ஷூ இன்னும் காயவில்லை, ‘சரி, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புத்தாண்டு, பிறந்தநாளை அடுத்த நாட்கள் ஆகியவற்றில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வருபவர்கள் அதிகமாவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புதுத் தொடக்கத்துக்கு ஒரு தேதி தேடுவது மனித இயல்பு. மழைக்காலத்தில் அந்த இயல்பே ஒத்திப்போடுவதற்கும் துணை போகிறது.

உங்கள் பயிற்சி ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வகை என்று மூன்றையும் சேர்த்து நிற்கிறது. ஒன்று பறிபோனால் எல்லாமே போகிறது. ஆகவே, பருவம் வந்து பயிற்சியின் அளவைக் குறைக்கட்டும், பூஜ்யமாக்க விடாதீர்கள். அளவைக் குறைப்பதில் உடலுக்குப் பெரிய நட்டமும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

முழுவதுமாக நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள்ளேயே மூச்சுத் திறன் இறங்கத் தொடங்கும். முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தம் குறைந்து, பழைய வேகத்துக்கே துடிப்பு கூடிவிடும். தசை வலிமை இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். அரை வருடம் விட்டால் பெரும்பகுதி போய்விடும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முழுதாக நிறுத்தாமல் குறைத்தால் கதை வேறு. 1980-களின் முற்பாதியில் உடற்பயிற்சி ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஹிக்ஸன் குழுவினர் இதைப் படிப்படியாகச் சோதித்தார்கள். பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களின் அளவைப் பிறகு குறைத்துப் பார்த்தார்கள். நாட்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும், பதினைந்து வாரம் கழித்து உடல் உள்வாங்கும் உச்சபட்ச ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை. இன்னொரு சோதனையில் நாட்களை அப்படியே வைத்து, நேரத்தை நாற்பதிலிருந்து பதின்மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். அப்போதும் அந்த அளவு நின்றது. மூன்றாவதாக நாளையும் நேரத்தையும் தொடாமல் தீவிரத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோதுதான் சரிவு வந்தது. நெடுநேரம் ஓடித் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் எல்லா வகைக் குறைப்பிலும் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாமோ வழக்கமாக இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். மோசமான பருவத்தில் ‘ஏதோ கொஞ்சம்’ என்று சோம்பலாக நடந்துவிட்டு, அதுவும் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறோம். நாளைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், மூச்சு வாங்கும் தீவிரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நடைமுறையில் இது வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, இருபது நிமிடம். மாடிப்படி போதும். ஐந்து நிமிடம் மெதுவாக ஏறி இறங்கி உடலைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் வேகமாக ஏறுங்கள். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேச முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். இறங்குவது எப்போதும் நிதானமாக, கைப்பிடியைத் தொட்டபடி. இறங்கும்போதுதான் முழங்கால் அதிகச் சுமை வாங்குகிறது. கால் தவறுவதும் அப்போதுதான். மூச்சு ஓரளவு அடங்கியதும் மீண்டும் ஒரு நிமிடம். இப்படி ஐந்து அல்லது ஆறு சுற்று. மிச்ச நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றியோ தரையிலோ தண்டால், குதிகாலைத் தூக்கி இறக்குவது. மாடி இல்லையென்றால் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஓடலாம். சலிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம் என்பதை நல்ல பருவத்திலேயே எழுதி வையுங்கள். மழை கொட்டும் காலையில் உட்கார்ந்து திட்டம் போடுபவர் யாருமில்லை.

டிரெட்மில் பற்றி என் கருத்து: இந்த இருபது நிமிடத்தை ஒரு முழுப் பருவம் விடாமல் செய்து காட்டியவர் வாங்கலாம். அதற்கு முன் வாங்கினால் அது துணி காயப்போடும் சாதனமாகிவிடும். வாங்கினால் எதிரே மின்விசிறி வையுங்கள். வெளியில் ஓடும்போது முகத்தில் மோதும் காற்று வீட்டுக்குள் இல்லை. அதனால் அதே வேகத்திலும் உடல் அதிகம் சூடாகும்.

வெயில் காலத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஆபத்தும் அதிகம், தவறான நம்பிக்கைகளும் அதிகம். தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் இயக்கமாகிறது, மீதி வெப்பம். அதை வெளியேற்ற உடலுக்குள்ள முக்கிய வழி வியர்வை. ஆனால் வழிந்து சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாது. இராணுவப் பயிற்சி முகாம்களுக்காக 1950-களில் உருவாக்கப்பட்ட வெப்ப அளவுகோல் ஒன்று இன்றும் விளையாட்டுத் துறையில் பயன்படுகிறது. வெளியரங்கக் கணக்கில் அது காற்றின் ஈரத்தை உணர்த்தும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதமும், வெயிலின் கதிர்வீச்சைக் காட்டும் கறுப்பு உருண்டைக்கு 20 சதவீதமும் எடை தருகிறது. நாம் செய்திகளில் கேட்கும் சாதாரண வெப்பநிலைக்கு அதில் 10 சதவீதமே. ஆகவே வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வறண்ட வெயிலைவிடச் சற்றுக் குறைந்த வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த காலை கடினமானதாக இருக்கலாம்.

வெயிலுக்கு உடல் பழகும். அதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வேண்டும். முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, அதே வேகத்துக்கான இதயத் துடிப்பு குறையத் தொடங்கும். தொடர்ந்து வியர்வை சீக்கிரமே அரும்பும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும். வெப்பத்தாக்கு நேர்வது பெரும்பாலும் பருவத்தின் முதல் வெப்ப நாட்களில்தான். உடல் பழகும் முன்பே பழைய வேகத்தில் ஓடப் பார்ப்பதுதான் சிக்கல். அந்த இரண்டு வாரத்துக்குக் கடிகாரத்தை மறந்து மூச்சைக் கவனியுங்கள்: முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உச்ச வரம்பு. தீவிரத்தை விடக்கூடாது என்று முன்னர் சொன்னதை இந்த நாட்களில் வீட்டுக்குள், விசிறிக்கு முன்னால் நிறைவேற்றிக்கொள்ளலாம். தாகத்துக்கேற்ப நீர் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வேறோர் ஆபத்தைக் கொண்டுவரும். ஓடுபவர் குழம்பிப் பேசினாலோ தள்ளாடினாலோ அதைச் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ உடல் முழுதும் ஊற்றியோ குளிர்வித்தபடியே அவசர உதவியை அழையுங்கள். ஊர்தி வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

மழையில் ஓடுவதில் பெரிய தீங்கில்லை, மின்னலில்தான். இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். நனைந்த ஷூவின் உள்தட்டைத் தனியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தாள் ஈரமானதும் மாற்றுங்கள். மறுநாள் சாக்கு ஒன்று குறையும்.

குளிரில் உடலைச் சூடாக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கி இருமலும் இளைப்பும் வரும். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடினால் காற்று சற்றுச் சூடாகி, ஈரமாகி உள்ளே போகும். அப்படியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பலர் அறியாத ஒன்று: காற்று அசையாத குளிர்காலக் காலைகளில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் நின்றுவிடும். புகையும் தூசும் கீழேயே தங்கும். அப்படிப்பட்ட நாளில் அதிகாலையைவிட முற்பகலே மேல். கோடையில் இது தலைகீழ்: வெயிலில் உருவாகும் ஓசோன் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும், அப்போது காலையே நல்லது. ‘அதிகாலைக் காற்று தூய்மையானது’ என்பது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தாது.

நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போனால், திரும்பும்போது பழைய தூரத்தில் பாதியில் தொடங்குங்கள். மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். தசைநார்களும் எலும்பும் அந்த வேகத்தில் திரும்புவதில்லை. மூன்றாவது வாரத்தில் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் குதிகால் வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். வயது கூடக்கூடத் தாக உணர்வும் வியர்வையும் குறைகின்றன, வெப்பத்தைச் சமாளிக்கும் திறனும் குறைகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். ஈரத் தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மோசமான பருவத்தில் அவரைச் சாலைக்கு அழைக்காதீர்கள். கூரையுள்ள நீண்ட தாழ்வாரத்தில் நடக்கட்டும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நாற்காலி முதுகைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பதும், கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதும் எந்தப் பருவத்திலும் செய்யக்கூடியவை. உங்களுக்குச் சொன்ன மாடிப்படி வேகம் அவருக்கு வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, வழக்கமில்லாத மூச்சுத் திணறலோ, தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றால், அவற்றில் சில உடலின் நீரைக் குறைப்பவை, சில இதயத் துடிப்பை ஏறவிடாதவை. வெயில் தொடங்கும் முன் அந்த மாத்திரைச் சீட்டோடு அவருடைய மருத்துவரைப் பார்த்து, எவ்வளவு நேரம் நடக்கலாம், எவ்வளவு நீர் குடிக்கலாம் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.