ஒரு காரை மூன்றாக எண்ணும் விதி

கேள்வி: மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். சின்ன பெட்ரோல் காருக்கு 18, பெரிய காருக்கு 40. அரசு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? இன்னமும் பெட்ரோல், டீசல் காரையே வாங்குகிற மக்கள் மீதுதானே குற்றம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: மக்கள் தலையில் கட்டாதீர்கள். ஷோரூமுக்குப் போகிறவர் அங்கே நிற்கிற காரில் ஒன்றைத்தான் வாங்க முடியும். எந்த மாதிரிக் கார்கள் அங்கே வந்து நிற்கும் என்பதைத் தீர்மானிக்க ஒரு விதி இருக்கிறது. வரியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

'கஃபே' விதி என்பார்கள். ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களையும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை கிராம் கரியமில வாயு விடலாம் என்று அது வரம்பு கட்டுகிறது. முதல் கட்டத்தில் 130 கிராம், 2022-23 முதல் 113 கிராம். மீறினால் விற்ற ஒவ்வொரு காருக்கும் 25,000 ரூபாய், ரொம்ப மீறினால் 50,000 ரூபாய் அபராதம் என்று 2022ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை இருக்கும். அது எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு 2.3 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாக வெளியே வருகிறது. ஆகவே 113 கிராம் என்றால் லிட்டருக்கு 21 கிலோமீட்டர். "எவ்வளவு கொடுக்கும்?" என்று நம்மவர்கள் கேட்கிற மைலேஜ்தான் இந்தக் கணக்கும். (பெட்ரோல் பங்க்கில் சைலன்சருக்குள் குழாயை விட்டுத் தருகிற புகைச் சான்றிதழ் வேறு. அதற்கும் இந்த வரம்புக்கும் தொடர்பில்லை.)

இனி ஓட்டைக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் 100 கார் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பெட்ரோல் கார், தலைக்கு 130 கிராம். 10 மின்சாரக் கார், பூஜ்யம். உண்மையான சராசரி 117. வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் விதிப்படி ஒரு மின்சாரக் காரை மூன்றாக எண்ணலாம். 100 கார் 120 ஆகிறது, சராசரி 97.5க்கு இறங்குகிறது. அபராதம் இல்லை. அதோடு, இன்னும் அதிகம் குடிக்கிற வண்டிகளை விற்கவும் இடம் கிடைத்துவிடுகிறது. சாலையில் ஓடுவது 117தான். நம் பிள்ளைகள் வாழப்போகிற காற்றில் சேர்வதும் அந்த 117தான்.

அடுத்தது எடை. 113 என்பது சராசரி எடை 1,145 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு. கார்கள் கனக்கக் கனக்க வரம்பும் தளர்கிறது: 100 கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம். இன்று விற்கிற கார்களில் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. வகை. சின்னக் கார் செய்கிற நிறுவனத்துக்கு இறுக்கம், பெரிய வண்டி செய்கிறவருக்குத் தளர்வு என்றால் முதலீடு எந்தப் பக்கம் போகும்?

நார்வேயில் இதை நேர்மாறாகச் செய்தார்கள். 1990இலேயே மின்சாரக் காருக்குப் பதிவு வரியில் விலக்கு, 2001இல் வாட் வரியும் இல்லை. பெட்ரோல், டீசல் காருக்கோ எடையையும் புகையையும் பார்த்துக் கனமான வரி. 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். பணக்கார நாடு, நீர்மின்சாரம் கொழிக்கிற நாடு, ஒப்புக்கொள்கிறேன். நம் மின்சாரத்தின் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த அளவுக்கு நாம் காப்பியடிக்க முடியாது. ஆனால் எடைக்கு வரி போடுவதற்கு அருவி வேண்டியதில்லை.

நம்மால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். வண்டிப் புகைக்கு வரம்பு கட்டுகிற 'பாரத் ஸ்டேஜ்' விதியில் பி.எஸ்.-4இலிருந்து 5ஐத் தாண்டி நேராக 6க்குப் போகிறோம் என்று 2016 ஜனவரியில் இதே மத்திய அரசு அறிவித்தது. 2020 மார்ச் 31க்குப் பிறகு பழைய வகை வண்டியை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கறாராகச் சொன்னது. ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது. டீசல் கார் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கான வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. நிறுவனங்கள் செய்து காட்டின. எந்த வாடிக்கையாளரும் ஷோரூமில் நின்று பி.எஸ்.-6 வேண்டும் என்று போராடவில்லை. தேதி குறித்த சட்டம் செய்த வேலை அது.

கஃபே மூன்றாம் கட்டத்தை 2027 ஏப்ரலில் தொடங்கத் திட்டம். 2025 செப்டம்பரில் எரிசக்தித் திறன் செயலகம் வெளியிட்ட வரைவிலும் அந்த மும்மடங்குக் கணக்கு இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லுங்கள். எடைக்குத் தருகிற சலுகையையும் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த ஏப்ரலில் பதிவாகிற காருக்கு ஆர்.சி. 2042 வரை செல்லும்.