நாற்பது பக்கமும் மிச்சக் கீரையும்

அன்புள்ள ஐயா,

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். வயது 27. பெங்களூரில் மென்பொருள் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் விளையும் கீரையை விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி, ஒரு செயலி வழியாகக் கோவையில் வீடுவீடாகக் கொடுக்கும் ஸ்டார்ட்அப் தொடங்க நினைக்கிறேன். திட்டத்தை நாற்பது பக்கம் எழுதி மூன்று முதலீட்டாளர்களுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. கையில் நான்கு லட்சம் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் ஜெயிக்கமுடியும் என்கிறார்கள் நண்பர்கள். அம்மா அழுகிறார். எதிலிருந்து தொடங்குவது? திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

கே., பெங்களூர்

அன்புள்ள கே.,

நாற்பது பக்கத்தையும் படித்தேன். செயலிக்கு என்ன நிறம் என்பது நான்காம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு கட்டு அரைக்கீரையை என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்பீர்கள் என்பது முப்பத்தொன்றாம் பக்கத்தில். மதியத்துக்குள் போகாத கட்டை என்ன செய்வீர்கள் என்று எங்கேயும் இல்லை. பதில் வராததற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். முதலீட்டாளர்களில் பலர் யாருக்குமே பதில் போடுவதில்லை. ஆனால் நீங்கள் தொடங்கவேண்டியது அந்த மிச்சக் கட்டிலிருந்துதான்.

சிக் ஷாம்பூ தெரியும்தானே? கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து 1983இல் 15,000 ரூபாயில் ஆரம்பித்தது. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் விற்பது அவர் யோசனைகூட இல்லை. அது அவர் அப்பா சின்னி கிருஷ்ணனுடையது. சகோதரர்கள் வெல்வெட் ஷாம்பூவை ஏற்கெனவே அப்படி விற்றுக்கொண்டிருந்தார்கள். ரங்கநாதன் ஒரு திட்டம் போட்டார். எந்தக் கம்பெனி ஷாம்பூவானாலும் சரி, காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். பிறகு அதை மாற்றினார்: ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்கவேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இலவசத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த மாற்றம்தான் பெரிதாகப் படுகிறது. முதல் திட்டத்தில் வருகிறவர் ஓசியில் ஒன்றைப் போட்டுப் பார்க்க வருகிறார். இரண்டாவதில் வருகிறவர் ஏற்கெனவே ஐந்து முறை காசு கொடுத்து வாங்கியவர். அந்தக் காலிப் பாக்கெட்டுகள்தான் ரங்கநாதனுக்குக் கணக்குப் புத்தகம்.

இது எனக்குப் புரிந்தது பணத்தைத் தொலைத்த பிறகு. மதுரையில் நானும் ஒரு நண்பனும் இட்லி மாவு போட்டோம். அறுபது வீடுகளுக்கு மாதிரி கொடுத்தோம். ‘பஞ்சு மாதிரி இருக்கு தம்பி’ என்றார்கள். மேலே கேட்காமல் பதினோரு கடைகளில் இறக்கினோம். இறக்கியதை எல்லாம் நோட்டில் விற்பனை என்று எழுதிக்கொண்டோம். கடைக்காரர்கள் போன சரக்குக்கான காசை அடுத்த சரக்கு வந்ததும் தருகிறேன் என்றார்கள். சித்திரை வெயிலில் மாவு பொங்கிப் புளித்துத் திரும்பி வந்தது. நான்காவது மாதம் கிரைண்டரை விற்றோம். பஞ்சு என்று சொன்ன அறுபது வீட்டில் எத்தனை பேர் இரண்டாவது முறை வாங்கினார்கள் என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆகவே வேலையை இப்போது விடவேண்டாம். செயலியும் வேண்டாம், வாட்ஸ்அப் போதும். கோவையில் ஒரே தெருவில் இருபது வீடு பிடியுங்கள். சனி, ஞாயிறு மட்டும், ஆறு வாரம். முதல் நாளிலிருந்தே காசு வாங்குங்கள். மாமா, சித்தி வீடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் பாசத்துக்கு வாங்குவார்கள். உங்களுக்குப் போட்டி இன்னொரு செயலி இல்லை. காலையில் தெருவில் கூவிக்கொண்டு வரும் கீரைக்கார அம்மா. அவர் வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கொசுறாகக் கறிவேப்பிலை தருவார், சில்லறை இல்லையென்றால் நாளைக்கு வாங்கிக்கொள்வார். அவரை விட்டுவிட்டு ஏன் உங்களிடம் வாங்கவேண்டும்? உங்கள் நாற்பது பக்கத்தில் அவர் இல்லை. பெட்ரோலையும் உங்கள் சம்பளத்தையும் கழித்தபின் கட்டுக்கு என்ன நிற்கிறது என்றும் பாருங்கள். கோபியிலிருந்து கோவை ஒன்றும் பக்கத்தில் இல்லை.

பணம் அப்புறம். தமிழ்நாடு அரசே டான்சீட் என்று ஆரம்ப நிதி தருகிறது, விசாரியுங்கள். ரங்கநாதனுக்கு அடமானம் வைக்க ஒன்றுமில்லாததால் மூன்று வருடம் எந்த வங்கியும் கடன் தரவில்லை. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. இவ்வளவு சின்னக் கம்பெனி வருமான வரி கட்டுகிறதே என்பதை அந்த மேலாளர் விண்ணப்பத்தில் குறித்து அனுப்பினாராம். எனவே அந்த இருபது வீட்டு வரவு செலவைக்கூட ஒழுங்காக எழுதிவையுங்கள்.

அம்மாவிடம் வேலையை விடவில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்: எத்தனை வீடு கடைசி வாரமும் வாங்கியது, எத்தனை கட்டு மிஞ்சியது. ஒரு பக்கம் போதும்.